வெட்டாமல் அறியும் வைரம்

சென்னையில் அடையாற்றின் தென்கரையில், பிரம்மஞான சபையின் விசாலமான தோட்டத்தில் இருக்கும் பெரிய ஆலமரத்தைக் காண வருகிறவர்கள், இன்று அம்மரத்தின் விழுதுகளையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நானூற்றைம்பது ஆண்டு வயதுடையதாகக் கருதப்படும் அந்த விருட்சத்தின் மூலமரம் 1989-ஆம் ஆண்டில் வீசிய கடுங்காற்றில் சாய்ந்துபோயிற்று. அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் எந்த நிழலில் இருந்து பேசினார்களோ அந்த நிழலை இப்போது தாங்கி நிற்பவை, ஒரு காலத்தில் கிளைகளிலிருந்து மெல்லியனவாக இறங்கி, மண்ணைத் தொட்டு, பின்னர் தூண்களாகப் பருத்துப்போன விழுதுகளே. மூலமரம் சாய்ந்ததற்குக் காற்று, வயது, வேர், மண் எனக் காரணங்கள் பல இருந்திருக்கும். ஆயினும் ஆலமரத்தைப் பற்றி வன சாஸ்திரிகள் நெடுங்காலமாகக் குறித்து வந்திருக்கும் செய்தி ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. அதன் விழுதுக் கட்டை அடிமரத்துக் கட்டையைவிட உறுதி வாய்ந்தது. அடிமரத்தை அவ்வளவாக மதியாத நம் நாட்டார், விழுதை மட்டும் கூடாரக் கம்பத்துக்கும் நுகத்தடிக்கும் காவுதடிக்கும் தேடி எடுத்துக்கொண்டார்கள். ஒரே விருட்சத்தின் இரண்டு அங்கங்களுக்குள்ளேயே இவ்வளவு தாரதம்மியம் இருக்குமானால், வெவ்வேறு ஜாதி மரங்களுக்குள்ளும், ஒரே ஜாதியில் வெவ்வேறு மண்ணில் வளர்ந்த மரங்களுக்குள்ளும் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேறுபாட்டின் மூலாதாரம் அடர்த்தி, அதாவது ஒரு கன சென்டிமீட்டர் மரத்துக்குள் எத்தனை கிராம் பதார்த்தம் அடங்கியிருக்கிறது என்ற கணக்கு. இலவமரத்தில் அது ஏறத்தாழ 0.35, பலாவிலும் தேக்கிலும் 0.6-ஐ ஒட்டி நிற்கும், வேம்பில் 0.7, சவுக்கில் 0.8-ஐத் தாண்டும்; செம்மரத்தின் வைரம், அதாவது முற்றிய கட்டை, 1-ஐயும் கடந்துவிடுவதால் நீரில் போட்டால் மூழ்கும். தென்னமெரிக்காவின் பால்சா மரமோ 0.15 அளவிலேயே நின்றுவிடுகிறது. இத்தனை வித்தியாசம் இருந்தும், எந்த மரத்தை எடுத்தாலும் அதன் உயிரணுக்களின் சுவராக அமைந்த பொருள் கிட்டத்தட்ட ஒரே கனம் உடையது, கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம் என்பது வியக்கத்தக்க விஷயம். பால்சாவின் சுவரும் செம்மரத்தின் சுவரும் பெரும்பாலும் செல்லுலோஸ், லிக்னின் முதலிய அதே பதார்த்தங்களால் ஆனவை. சுவர் எவ்வளவு தடிப்பு, அதனுள்ளே எவ்வளவு வெற்றிடம் என்பதில்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பேதம். ஆகவே அடர்த்தியை அறிவது என்பது மரத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தை அறிவதேயாகும். உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும், விறகு எவ்வளவு நேரம் எரியும், காகிதக் கூழ் எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்விகளெல்லாம் இந்த ஒரு கணக்கைச் சார்ந்தே நிற்கின்றன.

இதை நம் முன்னோர் அறியாதிருந்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. அடையாறு கடலோடு கலக்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள ஊரூர்க் குப்பத்திலும் ஆல்காட் குப்பத்திலும் கண்ணாடியிழைப் படகுகள் வருமுன் கட்டுமரம் ஓட்டிய மீனவர்கள், கனம் குறைந்த மரமாகப் பார்த்து எடுத்து, கடலிலிருந்து கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து வெயிலில் உலர்த்தி, நீர் குடித்த கட்டை மறுநாள் கடலில் அமிழ்ந்து கனக்காதபடி காத்தார்கள். தஞ்சையில் வீணை செய்கிறவர்கள், குடமும் தண்டும் ஒரே கட்டையில் குடையப்படும் ஏகாண்ட வீணைக்குப் பலா மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, தட்டிப் பார்த்து நாதத்தைக் கேட்டே ஒதுக்குவதையும் ஏற்பதையும் செய்கிறார்கள். சி. வி. ராமன் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிருதங்கத்தையும் வீணையையும் தம்பூராவையும் பௌதிக சாஸ்திரத்தின் ஆராய்ச்சிப் பொருள்களாக எடுத்துக்கொண்டபோது, அந்த வாத்தியங்களைச் செய்தவர்களின் செவிக்கும் கைக்கும் உலக சாஸ்திரத்தின் சபையில் ஓர் ஆசனம் இட்டவரானார் என்பது என் அபிப்பிராயம்.

காந்தி நகரிலோ கஸ்தூரிபா நகரிலோ பழைய வீடு ஒன்றை இடித்து அடுக்குமாடி எழுப்புகிற இடத்துக்குப் போனால், இந்தக் கைப்பழக்கத்தை இன்றும் பிரத்தியட்சமாகக் காணலாம். இடித்தெடுத்த வாசற்கால்களும் சட்டங்களும் சுவரோரமாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். விலை பேச வந்த ஆசாரி அவற்றின் பெயின்ட்டைப் பார்ப்பதே இல்லை. சட்டத்தின் ஒரு முனையை மட்டும் ஒரு சாண் தூக்கிக் கையிலே கனம் பார்க்கிறார்; விரல் முட்டியால் மூன்று இடங்களில் தட்டுகிறார்; பிறகு மறைவான ஒரு மூலையில் உளியை வைத்து நகக்கண் அளவுக்குச் செதுக்கி, செதுக்கிய இடத்தை மூக்கருகே கொண்டுபோய் எண்ணெய் வாசனை இருக்கிறதா என்று முகர்கிறார். "சார், இது பர்மா தேக்கு. தூக்கிப் பாருங்க, கைக்கே தெரியும்" என்கிறார் வீட்டுக்காரரிடம். அவர் கை சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தக் கை ஒரு நாளில் எத்தனை சட்டங்களைத் தூக்கும்? அது அறிந்ததை மற்றொரு கைக்கு எப்படி எழுதிக் கொடுக்கும்? மண்ணில் வேரூன்றி நிற்கும் மரத்தை அது எப்படித் தூக்கிப் பார்க்கும்?

எழுத்தில் வடிக்கும் வேலையை வனத்துறை எடுத்துக்கொண்டது. ஜே. எஸ். கேம்பிள் என்ற வன அதிகாரி 1881-இல் வெளியிட்ட இந்திய மரங்களைப் பற்றிய கைநூலில், மரங்களுக்குக் கன அடிக்கு இத்தனை பவுண்டு என்று எடை குறித்திருக்கிறார். இன்று சாஸ்திரம் ஒப்புக்கொண்ட அடிப்படை முறை ஒன்று உண்டு. மரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, நீரில் ஊறவைத்து, அது நீரை எவ்வளவு ஒதுக்குகிறது என்பதைக் கொண்டு கன அளவை நிர்ணயித்து, பின்னர் 103 டிகிரி வெப்பத்தில் உலர்ப்பெட்டிக்குள் வைத்து, எடை இனிக் குறையாது என்னும் நிலை வரும் வரை மீண்டும் மீண்டும் நிறுத்து, உலர்ந்த எடையைப் பச்சைக் கன அளவால் வகுக்க வேண்டும். துல்லியத்தில் இதற்கு ஈடான முறை இல்லை. ஆனால் ஒரு துண்டுக்கே நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தத் துண்டுக்காக மரத்தை வெட்டவும் வேண்டும். நல்ல மரம் எது என்று கண்டுபிடித்து அதன் விதையையும் கிளையையும் கொண்டு நல்ல சந்ததியை உண்டாக்க முயல்கிறவன், எந்த மரம் சிறந்தது என்று அறிந்த கணத்தில் அந்த மரம் உயிருடன் இல்லாது போவதைப் பார்க்க நேரும்.

இந்தச் சங்கடத்தைக் குறைக்க இடைவழிகள் சில தோன்றின. மரத்தின் நடுவரை திருகிச் செலுத்தி, பென்சில் பருமனுக்குக் குறைவான ஓர் உருளைத் துண்டை மட்டும் வெளியே எடுக்கும் துளைப்பான் ஒன்று. குறிப்பிட்ட விசையோடு ஓர் ஊசியை மரத்துக்குள் பாய்ச்சி, அது எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைக் கொண்டு அடர்த்தியை ஊகிக்கும் கருவி மற்றொன்று. இவை மரத்தைக் கொல்வதில்லை. ஆயினும் காயம் செய்கின்றன. நம்முடைய வெப்பமும் ஈரமும் நிறைந்த சீதோஷ்ணத்தில் அந்தத் துளையின் வழியே காளானும் பூச்சியும் உட்புகுவதற்கு அதிக காலம் ஆகாது.

காயமே இல்லாத வழியைத் தந்தது ஒளி. வில்லியம் ஹெர்ஷல் என்ற வானநூல் அறிஞர் 1800-இல் சூரிய கிரணத்தைப் பட்டகத்தின் ஊடே செலுத்தி, பிரிந்த நிறங்களில் எது எவ்வளவு சூடு தருகிறது என்று வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொண்டே போனபோது, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் பாதரசம் இன்னும் ஏறக் கண்டார். அதுவே அகச்சிவப்பு. அதில் நம் பார்வையின் எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 780 நானோமீட்டரிலிருந்து 2500 நானோமீட்டர் வரையில் உள்ள பகுதிக்கு அண்மை அகச்சிவப்பு என்று பெயர். மரத்தின் மேல் இந்த ஒளி விழுந்தால் ஒரு பங்கு உறிஞ்சப்படுகிறது. மற்றொரு பங்கு உயிரணுச் சுவர்களில் பட்டுப் பட்டுச் சிதறித் திரும்புகிறது. எந்த அலைநீளத்தில் எவ்வளவு திரும்பியது என்பதை வரைந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் பெயர் நிறமாலை.

ஏன் சில அலைநீளங்கள் மட்டும் உறிஞ்சப்படுகின்றன என்பதைக் கலாக்ஷேத்திரத்தின் வீணை வகுப்பில் அமர்ந்து கேட்டவர்களுக்கு எளிதில் விளக்கலாம். வீணைத் தந்தியை மீட்டினால் அதன் மூல சுரத்தோடு, இரண்டு மடங்கு விரைவாக அதிரும் மேற்சுரமும் மெல்லியதாகக் கூடவே எழுகிறது. தந்தியின் நட்டநடுவில் விரலை லேசாக வைத்து மீட்டினால் அந்த மேற்சுரத்தைத் தனியே கேட்கவும் முடியும். மரத்தின் பதார்த்தத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும், கார்பனும் ஹைட்ரஜனும் கோத்திருக்கும் பிணைப்புகள் இடைவிடாது அதிர்ந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றின் மூல அதிர்வு அகச்சிவப்பின் நடுப்பகுதியில், 3000 நானோமீட்டரைச் சுற்றி விழுகிறது. மேற்சுரங்கள் அண்மை அகச்சிவப்பில் விழுகின்றன. ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பின் மேற்சுரம் 1450 நானோமீட்டரை ஒட்டியும், கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பினுடையது 1700 நானோமீட்டரை ஒட்டியும் தோன்றும். மேற்சுரமாதலால் உறிஞ்சுதல் பலவீனமானது. பலவீனமானதாலேயே ஒளி மேற்பரப்பில் முடிந்துவிடாமல் சிறிது உள்ளே சென்று திரும்புகிறது. மூல அதிர்வின் கிரணத்தால் இது ஆகாது. பொருளை அரைத்து, மெல்லிய வில்லையாக்கி, பக்குவப்படுத்தினாலன்றி அது வழிவிடுவதில்லை.

இவ்வளவு இருந்தும் இந்தப் பகுதியை நெடுங்காலம் ரசாயன சாஸ்திரிகள் பொருட்படுத்தவில்லை. செல்லுலோஸின் மேட்டின்மேல் லிக்னினின் மேடு, அதன்மேல் நீரின் மேடு என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எது எதனுடையது என்று பிரிக்க இயலாதபடி குழம்பிக் கிடந்தது. தானியத்தின் ஈரத்தை அதைச் சிதைக்காமல் அளக்க விரும்பி, அமெரிக்க விவசாய இலாகாவில் உழைத்த கார்ல் நாரிஸ் என்ற பொறியாளர்தாம், ஒவ்வொரு மேட்டுக்கும் பெயர் சூட்டும் முயற்சியை விட்டு, நூற்றுக்கணக்கான மாதிரிகளின் முழுக் கோட்டையும் அவற்றின் உண்மை அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கணக்கின் வழியே இரண்டுக்கும் உறவு காணும் மார்க்கத்தைத் திறந்துவைத்தார். பின்னர் ஹெர்மன் வோல்டும் அவர் மகன் ஸ்வாந்தே வோல்டும் வளர்த்த புள்ளியியல் முறைகளும், மலிவாகிப்போன கணிப்பொறிகளும் அந்த மார்க்கத்தை ராஜபாட்டையாக்கின. கோதுமையில் தொடங்கிய முறை பாலுக்கும் மருந்து மாத்திரைக்கும் சென்று, மரத்துக்கும் வந்து சேர்ந்தது.

மரத்தில் இதைச் செய்கிற விதம் இது. வெட்டப்பட்ட மரங்களிலிருந்து நூறு, இருநூறு துண்டுகள் சேகரிக்கப்படுகின்றன; இலேசானதும் கனமானதும், இளையதும் முதியதும் அவற்றுள் இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் இழைத்த முகத்திலும் கருவியின் கண்ணைப் பொருத்தினால் சில நொடிகளில் நிறமாலை பதிவாகிவிடும். பின்பு அதே துண்டு, முன் சொன்ன பழைய முறைப்படி ஊறவைத்து, உலர்த்தி, தராசில் நிறுக்கப்படுகிறது. இப்படி ஒளியும் எடையுமாக இணை சேர்ந்த மாதிரிகளைக் கொண்டு கருவி பழக்கப்படுகிறது. சில துண்டுகளை மட்டும் தனியே ஒதுக்கி வைத்திருந்து, பழகிய கருவி அவற்றின் அடர்த்தியைச் சரியாகச் சொல்கிறதா என்று பரீட்சிக்கிறார்கள். அந்தப் பரீட்சையில் தேறிய பின்னர், புதிய துண்டொன்றை நிறுக்காமலே, உலர்த்தாமலே, அதன் அடர்த்தியைக் கருவி கூறும். நாட்கணக்கில் ஆன காரியம் நொடிக்கணக்கில் ஆகிறது; துண்டும் எடுத்தபடியே திரும்ப வைக்கப்படுகிறது. கருவியும் இப்போது மேஜையை விட்டு இறங்கி உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

ஒளிக்குக் கனம் என்பது எப்படித் தெரிகிறது என்று சூட்சும புத்தியுள்ள வாசகர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வியே. அடர்த்தி என்று தனியே ஒரு பதார்த்தம் மரத்தில் இல்லை. ஆகையால் அதற்கென்று தனி மேடும் நிறமாலையில் இல்லை. தடித்த சுவரும் குறைந்த வெற்றிடமும் உள்ள மரத்தில் ஒளி சிதறும் விதமும், உறிஞ்சும் பொருளை அது சந்திக்கும் அளவும் வேறுபடுகின்றன. மேலும் கனமான மரத்தில் செல்லுலோஸ், லிக்னின் முதலியவற்றின் விகிதமும் பல சமயங்களில் மாறியிருக்கிறது. இந்த இரண்டு அடையாளங்களையும் கொண்டு கருவி கனத்தை அனுமானிக்கிறது. அனுமானப் பிரமாணம் என்று நம் தர்க்க நூலார் புகையைக் கொண்டு நெருப்பை அறிவதைச் சொல்வார்களே, அந்த வகை அறிவு இது. தராசு காண்பது பிரத்தியட்சம். ஒளி காண்பது அனுமானம். இதை மறந்து கருவியின் திரையில் தோன்றும் எண்ணை வேதவாக்காகக் கொள்வதே இந்தத் துறையில் நிகழக்கூடிய பெரிய பிழை.

ஆஸ்திரேலியா, போர்ச்சுகல், பிரேசில் முதலிய தேசங்களில் யூகலிப்டஸ் வளர்ப்பவர்கள் இம்முறையைப் பெரிதும் கைக்கொண்டதற்குக் காரணம் தெளிவானது. ஆயிரக்கணக்கான மரங்களுள் கூழ் அதிகம் தரும் சில மரங்களைப் பொறுக்கி எடுக்க வேண்டியவனுக்கு, மரத்துக்குச் சில நொடியும் சிறு துளைத் தூளும் போதும் என்றால் அதைவிட வேறு என்ன வேண்டும்? நம் மாநிலத்துக்கு இதே தேவை சவுக்கின் வடிவத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயிலுக்கும் சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்கும் விறகு வேண்டிக் கடற்கரை மணலில் பயிராக்கப்பட்ட சவுக்கு, இன்று சாரத்துக்குக் கழியாகவும் காகிதத்துக்குக் கூழாகவும் பயன்படுகிறது. கரூரை அடுத்த காகிதபுரத்து ஆலை கரும்புச் சக்கையோடு சவுக்கையும் யூகலிப்டஸையும் அரைக்கிறது. கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் சவுக்கில் உயர்ந்த ரகங்களை உருவாக்குவதைத் தன் முக்கியப் பணிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. விவசாயி மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருந்து வெட்டும் பயிர் இது. அவன் கடன் வாங்கி நட்ட நாற்று கனமான கட்டையைத் தருமா, பொய்க் கட்டையைத் தருமா என்பதை நாற்றின் தாய்மரத்தை வெட்டாமலே முன்கூட்டிச் சொல்ல முடிவது அவன் குடும்பத்துக்குச் சிறிய உபகாரமன்று.

மற்றொரு பிரயோஜனம் நம் துறைமுகத்தின் வாசலிலேயே காத்திருக்கிறது. ஆந்திரத்தின் சேஷாசலம், பாலகொண்டா முதலிய மலைகளில் இயற்கையாக வளரும் செம்மரம், வேறு மரம் என்றும் வேறு சரக்கு என்றும் பெயர் சூட்டப்பட்டுச் சென்னை வழியே கடத்தப்படுவதும், சுங்க அதிகாரிகள் அதைப் பிடிப்பதும் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. சிவந்த கட்டைகளெல்லாம் செம்மரம் அல்ல. எது எது என்று நிபுணர் வந்து பூதக்கண்ணாடியில் குறுக்குவெட்டைப் பார்த்துச் சொல்லும் வரை சரக்கு காத்திருக்க வேண்டும். பிரேசிலில் மஹாகனி மரத்தை அதைப் போலவே தோன்றும் பிற மரங்களிலிருந்து அண்மை அகச்சிவப்பின் உதவியால் பிரித்தறிய முடியும் என்று அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். செம்மரத்துக்கோ நிறமாலையோடு கனமும் சாட்சியாக நிற்கிறது. கட்டையை அறுக்காமல், அரைக்காமல், கிட்டங்கியில் அடுக்கியபடியே ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கும் உபகரணம் ஒன்று சுங்கச்சாவடியில் இருப்பது வனத்துக்குக் காவல் போட்டதற்குச் சமானம்.

இனி இந்தக் கருவியின் எல்லைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது நீர். 1450-லும் 1940-லும் நீருக்கு வலிமையான உறிஞ்சுதல் உண்டு. பச்சை மரத்தில் அது மற்றவற்றையெல்லாம் அமுக்கிவிடுகிறது. கடற்காற்று படும் அடையாற்றில், உலர்ந்த கட்டைகூட மழைக்காலத்தில் ஈரம் ஏற்றும், கோடையில் இறக்கும். உலர்ந்த தேசத்து மரத்தில் பழகிய கருவி இங்கே வந்தால் ஈரத்தையே கனமென்று கொண்டுவிடக்கூடும். இரண்டாவது, எந்த மரத்தில் பழகியதோ அதையே கருவி அறியும். பைன் மரத்தைக் கொண்டு வெளிநாட்டில் பழக்கப்பட்ட கருவிக்கு நம் வேம்பும் புங்கமும் பூவரசும் முன்பின் அறியாத அந்நியர்கள். மூன்றாவது ஆழம். இந்த ஒளி மரத்துக்குள் சில மில்லிமீட்டரே செல்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல், தாவரங்களை உள்ளே வைரம் உடையவை, வெளியே வைரம் உடையவை என்று இருவகையாகப் பிரித்து, முன்னதை மரம் என்றும் பின்னதைப் புல் என்றும் வகுத்ததல்லவா? பனையும் தென்னையும் பின்னதைச் சேர்ந்தவை. அவற்றின் கனம் வெளிவளையத்தில் இருக்கிறது. வேம்பிலும் தேக்கிலும் வெளியே இருப்பது பட்டையும், வெள்ளை எனப்படும் முற்றாத கட்டையுமே. வைரம் உள்ளே மறைந்திருக்கிறது. நிற்கும் மரத்தின் பட்டையைச் சிறிது விலக்கி ஒளியைச் செலுத்தினால் அது வெள்ளையைத்தான் காணும். அதைக் கொண்டு உள்வைரத்தை ஊகிக்க வேண்டும். அந்த மரம் உள்ளே பொந்தாகியிருந்தால் ஒளிக்கு அது தெரியவே தெரியாது. அதற்கு, மரத்தின் ஒரு புறம் தட்டி மறுபுறம் ஒலி எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது என்று பார்க்கும் வேறு கருவிகள் வேண்டும்.

இந்த எல்லைகளுள் இரண்டாவதே நம் கையால் நீக்கக்கூடியது. அதை நீக்கும் கடமையும் நமக்கு இருக்கிறது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். அதற்கு நம் மரங்களின் மாதிரிக் கட்டைகள் வேண்டும்; அவற்றை எப்போது எடுக்கலாம் என்பதைப் புயல் ஒன்று நமக்குக் காட்டிற்று. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல், மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் சென்னையைக் கடந்தபோது, அடையாற்று வட்டாரத்தின் சோலைகளெல்லாம் ஒரே பகலில் சரிந்தன. சாலைதோறும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் குல்மொஹரும் வேரோடு கிடந்தன. அயல்நாட்டு மரங்கள் இலேசானவை, அதனால் விழுந்தன என்று அப்போது பலர் பேசினார்கள். அது பாதி உண்மை கூட ஆகாது. சிமென்ட் பூசிய நடைபாதைக்கும் கேபிள் பள்ளத்துக்கும் நடுவே வேர் பரப்ப இடமின்றி நின்ற மரத்தை அதன் கட்டையின் கனம் காப்பாற்றாது. வேரூன்ற மண் கொடுத்த இலேசான மரம் நிமிர்ந்து நிற்கும். கிளை ஒடிவதில் அடர்த்திக்குப் பங்கு உண்டு. வேர் பெயர்வதில் பெரும் பங்கு நமக்கே உண்டு. எந்த மரம் எதனால் விழுந்தது என்று வாதிட நமக்கு எண்கள் வேண்டும். அந்த எண்களை எடுக்கும் தருணம் புயலுக்கு மறுநாள் தொடங்கி, துண்டு போடும் மின்வாளும் லாரியும் வந்து சேரும்போது முடிந்துவிடுகிறது.

வீதி மரங்களின் கணக்கு மற்றொரு காரணத்தாலும் அவசியமாகிறது. மரங்கள் எவ்வளவு கார்பனைத் தம்முள் தேக்கியிருக்கின்றன என்று அறிய, நிற்கும் மரத்தின் நிறையை அதன் பருமன், உயரம், கட்டையின் அடர்த்தி ஆகிய மூன்றைக் கொண்டே கணிக்கிறார்கள். உலர்ந்த கட்டையில் ஏறத்தாழ பாதி கார்பன். பருமனை நாடாவால் அளக்கலாம், உயரத்தையும் அளந்துவிடலாம். மூன்றாவது எண்ணை மட்டும் உலகப் பட்டியல்களிலிருந்து கடன் வாங்குகிறோம். எங்கோ வளர்ந்த புங்கத்தின் எண்ணைக் கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் நிற்கும் புங்கத்துக்குப் பொருத்துவது, பெயர் ஒன்றே என்பதற்காக அயலூரான் ஜாதகத்தை எடுத்துப் பார்ப்பதாகும்.

டேராடூனிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்திலும், 1938-இல் தோன்றி வளர்ந்த பெங்களூரு மர ஆராய்ச்சி நிறுவனத்திலும், 1902 முதல் கோயம்புத்தூரில் நடந்துவரும் காஸ் வனக் காட்சிசாலையிலும் காட்டு மரங்களின் மாதிரிக் கட்டைகள் பெயரிட்டுப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் நம் வீதி மரங்களுக்கும் ஓர் அலமாரி வேண்டும். அடையாறு வட்டாரத்துக்கு இந்தக் காரியத்தில் வாய்த்த சௌகரியம் வேறெந்த வட்டாரத்துக்கும் எளிதில் வாய்க்காது. சாலையின் ஒரு புறம் 1959-இல் தோன்றிய ஐ.ஐ.டி., மறுபுறம் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், சற்றுத் தள்ளி அண்ணா பல்கலைக்கழகம் என்று ஒளியையும் எடையையும் அறிந்த ஸ்தாபனங்கள் சூழ்ந்திருக்க, அவற்றின் மத்தியில் கிண்டியின் தேசியப் பூங்காவும் ஆலமரத் தோட்டமும் நிழல் நிறைந்த குடியிருப்பு வீதிகளும் இருக்கின்றன. மரம் இங்கே, கருவி இங்கே, ஆளும் இங்கே. ஒரு மரத்தையும் இதற்காக வெட்ட வேண்டியதில்லை. காற்றிலும் மழையிலும் தாமாக விழுபவையும், பட்டுப்போய் அகற்றப்படுபவையுமே போதும்.

அதற்கு வேண்டிய கைவேலையும் அரிதானதல்ல. விழுந்த மரத்தில், வனத்துறையார் மார்பளவு என்று வழங்கும் 1.37 மீட்டர் உயரத்துக்குரிய இடத்தில் நான்கு விரல் தடிமனுக்கு ஒரு வட்டம் அறுக்க வேண்டும். வட்டமாகவே உலரவிட்டால் அது வெடித்துவிடும் ஆதலால், நடுவிலிருந்து பட்டை வரை ஒரு பட்டையான துண்டாக நறுக்கி எடுப்பது நலம். அப்படி எடுத்தால் உள்வைரமும் வெள்ளையும் ஒரே துண்டில் வந்துவிடும். மரத்தின் பெயர், நின்ற தெரு, சுற்றளவு, விழுந்த தேதி, வேரோடு பெயர்ந்ததா, நடுவில் முறிந்ததா என்பவற்றைப் பென்சிலால் அதன்மேலேயே எழுத வேண்டும், மை ஈரத்தில் கரைந்துபோகும். பச்சையாக இருக்கும்போது நடுவிலிருந்து பட்டை வரை வரிசையாகப் பல இடங்களில் ஒரு முறையும், நிழலில் உலர்ந்த பின் அதே இடங்களில் மறுமுறையும் ஒளியைச் செலுத்திப் பதிய வேண்டும். கடைசியில் சிறு துண்டுகளாக்கி ஊறவைத்து, உலர்ப்பெட்டியில் இட்டு நிறுக்க வேண்டும். மழைக்காலத்தில் பச்சைக் கட்டை சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நிறம் மாறிவிடும். நிறமாலையும் அதோடு மாறிவிடும். ஆகவே வடகிழக்குப் பருவமழை வந்து இறங்கும் அக்டோபருக்குள், துண்டுகளை அடுக்கக் காற்றோட்டமுள்ள ஓர் அறையும், தராசும், உலர்ப்பெட்டியும், பழக்கப்பட வேண்டிய அந்தக் கருவியும் ஆயத்தமாக இருந்தாக வேண்டும்.